பை சேட்டன் கையில், கணக்கு சேச்சி கையில்

அதிகாலை ஐந்தரை மணிக்குக் கொச்சி வைட்டிலாவில் சாமான் வாங்க வந்திருப்பவர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் ஆண்கள். ஜங்ஷனுக்குக் கூப்பிடு தூரத்தில், கால்வாய்க் கரையில் இருக்கிறது சம்பக்கரை மீன் சந்தை. வேட்டியை மடித்துக் கட்டிய கனவான்கள் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து நிற்கிறார்கள். ஒருவர் அயலை மீனின் செவுளைத் தூக்கி, சிவப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். இன்னொருவர் சாளையை (நம்மூர் மத்திதான்) விரலால் அழுத்தி, முகர்ந்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்கிறார். விலை கேட்பது, முகம் சுளிப்பது, போவது போலப் போக்குக் காட்டித் திரும்பி வருவது என்று சகல வித்தைகளும் நடக்கின்றன. அரை மணி நேரம் இப்படிக் கழிந்த பிறகுதான் ஒரு கிலோ மீன் பைக்குள் போகிறது.

இதே கனவானை அன்று மாலை ஏழு மணிக்கு எம்.ஜி. ரோட்டில் ஒரு சேலைக் கடையில் பார்க்கலாம். இரண்டாவது மாடியில் தூணோரம் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மடியில் யாருடைய கைப்பையோ இருக்கும். மனைவியும் மகளும் நாலாவது அடுக்கைப் பிரிக்கச் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். "ஏதாவது ஒன்றை எடேன்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து அபிப்பிராயம் எதுவும் வராது. கடைக்குப் போவதென்றாலே ஆண்களுக்கு வேப்பங்காய் என்று உலகம் முழுக்க ஒரு ஜோக் உண்டு. காலையில் அந்த ஜோக்கைப் பொய்யாக்கிய மனிதர், மாலையில் அதற்கு உதாரணமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரே நாளில் ஆள் மாறிவிடவில்லை. சரக்கு மாறியிருக்கிறது.

கொச்சிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் வைட்டிலாவைப் பார்க்க வருவதில்லை. கடந்து போகிறார்கள். வயல்தலை என்பதுதான் மருவி வைட்டிலா ஆனது என்று சொல்வார்கள். இப்போது வயலும் இல்லை, தலை நிமிர்த்திப் பார்க்க அழகும் இல்லை. இடைப்பள்ளி–அரூர் புறவழிச் சாலையை, எர்ணாகுளத்திலிருந்து வரும் சகோதரன் அய்யப்பன் சாலை இங்கே சந்திக்கிறது. 2011-இல் பெரிய பஸ் நிலையம் வந்தது. 2019-இல் மெட்ரோ ரயில் வந்தது. 2021 ஜனவரியில் மேம்பாலம் திறந்தார்கள். 2023-இல் இங்கிருந்து காக்கநாட்டுக்குத் தண்ணீர் மெட்ரோ என்ற பெயரில் மின்சாரப் படகு விட்டார்கள். பஸ், ரயில், படகு மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கிற இடம் என்பதால் கொச்சியில் எதை வாங்கப் போகிறவரும் ஒரு தடவையாவது இங்கே இறங்கி ஏறித்தான் ஆகவேண்டும். யார் எந்தப் பையோடு எந்த வண்டியில் ஏறுகிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கக் கவனித்தால் கேரளக் குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்கில் பாதி தெரிந்துவிடும்.

மீன் சந்தையில் ஏன் ஆண்? வீட்டு வேலைகளில் கௌரவம் குறையாமல் ஆண் செய்யக்கூடியது சந்தைக்குப் போவது ஒன்றுதான். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதம். செய்கிற பெண் அதில் செலவிடும் நேரம் 299 நிமிடம், செய்கிற ஆண் செலவிடுவது 97 நிமிடம். அந்த 26 சதவீதத்து ஆசாமிகளில் பலர் பாத்திரம் தேய்க்கவில்லை, பை தூக்கினார்கள் என்று ஊகிப்பதில் தவறில்லை. சந்தை என்பது தெரு, பேச்சு, டீக்கடை, அரசியல். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் பணம். மஞ்சள் பையோடு நடந்துபோய்க் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கிய கும்பகோணத்துத் தாத்தாக்களும், மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போகும்வரை கொத்தவால்சாவடிக்கு மூட்டை கட்ட அதிகாலையில் போன சென்னை ஆசாமிகளும் இதே ரகம்தான். அந்தக் கத்தரிக்காயை என்ன செய்வதென்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

வைட்டிலாவிலிருந்து மேற்கே பஸ் பிடித்தால், பாலங்களைத் தாண்டி மட்டாஞ்சேரி. இந்த ஆண் சந்தையின் மூலஸ்தானம் அதுதான். பஜார் ரோட்டில் அரிசி மண்டிகளும் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கிடங்குகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. குஜராத்தி, கொங்கணி, கட்சி மேமன், மாப்பிள்ளை என்று நூறு வகை மனிதர்கள் இங்கே வியாபாரம் செய்தார்கள். மொழி வேறு, சாமி வேறு, ஆனால் கல்லாவில் உட்கார்ந்தவர் எங்கேயும் ஆண்தான். 1957-இல் தொடங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வர்த்தக சங்கம், யூதத் தெருவில் கூவல் முறையில் மிளகுக்கு முன்பேர வியாபாரம் நடத்தியது. உலக மிளகு விலையை அசைத்த அந்தக் கூவல் கட்டைக் குரலில் மட்டுமே ஒலித்தது. பெண்கள் எங்கே? கிடங்கின் முற்றத்தில். சுக்கைப் பரப்பி, தூசி புடைத்து, தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் சில முற்றங்களில் அந்தக் காட்சி உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் காமிராவோடு எட்டிப் பார்க்கிறார்கள்.

விதிவிலக்கும் அதே தெருவில்தான் இருந்தது. 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்துக்குப் போகும் வழியில் சாரா கோஹன் என்ற மூதாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து கையால் பூவேலை செய்து விற்றார். பிரார்த்தனைத் தொப்பி, ரொட்டி மூடும் துணி, மேஜை விரிப்பு இவைதான் சரக்கு. 2019-இல் 96 வயதில் அவர் காலமானபோது தெருவின் முகமே போயிற்று. இப்போது அங்கே வரிசையாகக் கைவினைக் கடைகளும் பழம்பொருள் கடைகளும் இருக்கின்றன. உள்ளே நுழைந்து நேரம் செலவழிக்கிறவர்களில் பெண்களே அதிகம். ஐம்பது கிலோ மூட்டையில் போன ஏலக்காய் ஐம்பது கிராம் பொட்டலமாகச் சுருங்கியபோது வாங்குகிறவரும் மாறிவிட்டார்.

ஆனால் கேரளத்துப் பெண்ணைக் கடைவீதிக்கு அழைத்து வந்தவர் சுற்றுலாப் பயணி அல்ல. ஊரில் இல்லாத கணவர்தான் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டார். எழுபதுகளில் தொடங்கியது வளைகுடாப் பயணம். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் எடுத்த கணக்குப்படி வெளிநாட்டில் இருந்த மலையாளிகள் சுமார் 13.6 லட்சம். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவியை ஊரில் விட்டுப் போனவர்கள் ஏராளம். மாதாமாதம் டிராப்ட் வந்தது. அதை மாற்ற வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடவும், கொத்தனாருக்குக் கூலி கொடுக்கவும், சிமெண்ட் விலை கேட்கவும், பிள்ளைக்கு ஷூ வாங்கவும் ஆள் வேண்டும். மாமனாரோ மைத்துனரோ கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண்ணே பார்த்துக்கொண்டாள். பொருளாதார ஆய்வாளர் லீலா குலாத்தி 1993-இல் வெளியிட்ட புத்தகம் முழுக்க இந்தக் கதைதான்: ஆண்கள் இல்லாத வீடுகளில் பெண்கள் எப்படி நிர்வாகிகள் ஆனார்கள் என்பது. தனிமையும் கண்ணீரும் அதில் உண்டு. கூடவே, பாஸ் புத்தகம் முதல் தடவையாகப் பெண் பெயரில் வந்ததும் உண்டு.

அரசும் தன் பங்குக்கு ஒரு கை கொடுத்தது. 2013-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் கார்டில் 18 வயது நிறைந்த மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராகக் காட்டச் சொன்னது. கேரளம் 2017-இல் புது கார்டுகள் கொடுத்தபோது பல வீடுகளில் 'தலைவர்' இறங்கித் தலைவி ஏறினார். வைட்டிலாவுக்கு அடுத்த கடவந்தறையில்தான் 1974-இல் தொடங்கிய சப்ளைகோவின் தலைமையகம் இருக்கிறது. அதன் மாவேலி ஸ்டோர்களில் 13 பொருள்களுக்கு மானிய விலை. எந்த நாளில் எது ஸ்டாக் இருக்கும், வெளிச்சந்தையில் துவரம் பருப்பு எவ்வளவு, இங்கே எவ்வளவு என்று வரிசையில் நிற்கும் சேச்சிகளுக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். இந்த வரிசையைப் பார்த்துப் 'பெண்களுக்கு ஷாப்பிங் மோகம்' என்று எந்தக் கார்ட்டூனிஸ்ட்டும் படம் போட்டதில்லை.

பொறுமை பெண்ணுக்கு மட்டும் வாய்த்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். கேரள அரசின் மதுக்கடை முன்னால் ஆண்கள் நின்ற வரிசை நாடறிந்தது. தள்ளுமுள்ளு இல்லை, முணுமுணுப்பு இல்லை. மழை கொட்டினாலும் கலையாத ஒழுங்கு. 2021-இல் கொச்சியில் உள்ள உயர் நீதிமன்றமே தெருவை அடைத்து நிற்கும் இந்தக் கூட்டத்தைக் கண்டித்து, உள்ளே போய் வாங்கும் கடைகளாக மாற்ற வழி பாருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சேலைக் கடையில் பத்து நிமிடம் தாங்காத கால்கள் இங்கே எப்படித் தாங்கின என்பதை டாக்டர்கள்தான் ஆராய வேண்டும். பஸ் நிலையத்தில் லாட்டரிச் சீட்டு விற்பவரிடம் நின்று, கடைசி இரண்டு எண்ணை விரலால் கூட்டிப் பார்த்து, பத்துச் சீட்டைப் புரட்டி ஒன்றை உருவுகிறவரும் பெரும்பாலும் ஆண்தான். அது பட்டுப்புடவை தேர்வுக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல.

எம்.ஜி. ரோட்டுக்கு வருவோம். வைட்டிலாவிலிருந்து மெட்ரோவில் ஏறினால் சில நிலையங்கள். சீமாட்டி, ஜெயலட்சுமி, கல்யாண் சில்க்ஸ், நம்மூர் சென்னை சில்க்ஸ் என்று கொச்சியின் பட்டு சாம்ராஜ்யம் இந்தப் பகுதியில் பரந்து கிடக்கிறது. சீமாட்டியை 1910-இல் ஆலப்புழையில் ஆரம்பித்தவர் வீரய்யா ரெட்டியார். அதைக் கொச்சியின் பெரிய பெயராக்கியவர் பீனா கண்ணன் என்ற பெண்மணி. வாங்குகிறவர் பெண், விற்கிறவர் பெண், முதலாளியும் பெண் என்று ஆகிவிட்ட கடை. ஆண்களுக்கு அங்கே ஒதுக்கப்பட்டிருப்பது அந்தத் தூணோர நாற்காலியும், கடைசியில் பில் கவுண்டரும்.

அந்த நாற்காலிக்கு வியாபார சாஸ்திரத்தில் இடம் உண்டு. கடைகளில் வாடிக்கையாளர்களைப் பின்தொடர்ந்து அளப்பதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கர் பாகோ அண்டர்ஹில், 1999-இல் எழுதிய புத்தகத்தில் வீட்டுச் சாமான் கடை ஒன்றின் கணக்கைக் கொடுத்தார். பெண் தன் தோழியோடு வந்தால் கடையில் இருக்கும் நேரம் 8 நிமிடம் 15 விநாடி. குழந்தைகளோடு வந்தால் 7 நிமிடம் 19 விநாடி. தனியாக வந்தால் 5 நிமிடம் 2 விநாடி. ஆணோடு வந்தால் 4 நிமிடம் 41 விநாடிதான். துணைக்கு வந்தவரின் சலிப்பு, வாங்க வந்தவரின் நேரத்தைத் தின்றுவிடுகிறது. நாற்காலி போட்ட முதலாளி கணவரின் முழங்காலுக்காக இரக்கப்படவில்லை. அந்த 4 நிமிடம் 41 விநாடியை எட்டு நிமிடமாக நீட்டுவதற்காக முதலீடு செய்திருக்கிறார்.

கடைக்குப் போவதைத் தடுத்தால் என்ன ஆகும்? விடை வைட்டிலாவுக்குக் கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டரில், திருப்பூணித்துறை ஹில் பேலஸில் இருக்கிறது. 1993-இல் வந்த 'மணிச்சித்ரதாழ்' படத்தின் பெரும்பகுதி இங்கேயும், நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுக்கப்பட்டது. கல்யாணப் பெண்ணுக்கு நகை வாங்கக் கூடவே புறப்படும் கங்கையைக் கணவன் போகவேண்டாம் என்கிறான். அடக்கிவைத்த ஆவேசம் அந்த நிமிடத்தில் வெடிக்கிறது. 2005-இல் தமிழில் 'சந்திரமுகி'யாக வந்தபோதும் அதே காட்சிக்குத்தான் தியேட்டர் உறைந்தது. பேய்க்கதை என்று சிரித்துவிடலாம். நகைக்கடைக்குப் போக வேண்டாம் என்ற ஒரு வார்த்தையை இவ்வளவு பெரிய தடையாக லட்சக்கணக்கான பெண்கள் உடனே புரிந்துகொண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கடைக்குப் போவது பலருக்கு வீட்டை விட்டு வெளியே வர ஊரறிந்த ஒரே காரணம். தமிழ்நாட்டில் 2021-இல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும் கடைவீதிக் கூட்டம் முகம் மாறியதற்கும் இதுவே காரணம். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது அரசின் கணக்கு. கணவனிடம் பஸ்ஸுக்குக் காசு கேட்காமல் புறப்பட முடிந்ததை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

வைட்டிலாவிலிருந்து வடக்கே புறவழிச் சாலையில் போனால் இடைப்பள்ளி. 2013 மார்ச்சில் 17 ஏக்கரில் அங்கே லுலு மால் திறந்தபோது கேரளமே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. ஏ.சி., எஸ்கலேட்டர், ஐஸ் சறுக்குத் தளம் என்று பத்திரிகைகள் எழுதின. பெண்கள் தங்களுக்குள் முதலில் சொல்லிக்கொண்ட விஷயம் அவற்றில் அதிகம் வரவில்லை: சுத்தமான கழிப்பறை. எர்ணாகுளம் பிராட்வேயில் வளையலும் துணியும் வாங்கப் போகிற பெண், வீட்டில் புறப்படும்போதே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். இரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போடுவாள். மாலில் பாதி நாள் கழிக்கிறாள் என்றால், மோகம் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆண்களுக்கு அந்தக் கணக்கு என்றைக்குமே இருந்ததில்லை. சுவர் கண்ட இடம் போதும்.

வாங்க வந்தவளுக்கு இரண்டு மணி நேரம் என்றால், விற்க நிற்பவளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து சேலை பார்க்கிறவரும் பெண், அந்தப் பக்கம் நின்றுகொண்டே நூறு சேலை பிரித்து மடிக்கிறவரும் பெண். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. சுவரில் சாயக் கூடாது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கழிப்பறை கூட இல்லாமல் வேலை செய்த கடைப் பெண்களை 2009 வாக்கில் திரட்டினார் பி. விஜி என்ற தையல்காரர். 'பெண்கூட்டு' என்று அமைப்புக்குப் பெயர். கழிப்பறையில் தொடங்கிய கோரிக்கை நாற்காலிக்கு வந்தது. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பெண் ஊழியர்கள் கடை வாசலில் உட்கார்ந்தே போராட்டம் நடத்தினார்கள். 'இரிக்கல் சமரம்' என்று மலையாளப் பத்திரிகைகள் எழுதின, உட்காரும் போராட்டம்.

பலன் வர நாலு வருடம் ஆயிற்று. 2018 அக்டோபரில் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கட்டாயமாக்கியது. இரவு 9 மணிக்குப் பிறகு பெண்களை வேலை வாங்கினால் அவர்கள் சம்மதமும் வேண்டும். பாதுகாப்பும் போக்குவரத்தும் முதலாளி பொறுப்பு. அந்த வருடம் பி.பி.சி. தேர்ந்தெடுத்த உலகின் 100 பெண்களில் விஜியின் பெயர் இருந்தது. தமிழ்நாடு 2021-இல் அதே வழியில் சட்டம் செய்தது. ரங்கநாதன் தெருவின் நிற்கும் கால்களை 2010-இல் 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்துக் கலங்கியவர்களுக்குப் பதினோரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்த பிறகு எல்லாக் கடையிலும் ஸ்டூல் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை. அடுத்த தடவை சேலை எடுக்கும்போது கவுண்டரை எட்டிப் பார்த்தால் போதும். ஸ்டூல் இருக்கும் கடைகளிலும் அதன் மேல் அட்டைப் பெட்டி உட்கார்ந்திருப்பது சகஜம்.

இரவு எட்டரைக்கு எம்.ஜி. ரோட்டுக் கடைகளின் ஷட்டர்கள் பாதி இறங்கும்போது இந்தப் பெண்கள் சீருடைச் சேலையை மாற்றிக்கொண்டு வெளியே வருகிறார்கள். பகல் முழுக்க வந்தவர்களைச் "சேச்சி, இதைப் பாருங்கள்" என்று அழைத்தவர்கள். வைட்டிலா பஸ் நிலையத்தில் அவர்களுக்கு ஊர் பஸ் பிடிக்க வேண்டும். கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோவுக்கு ஒரு நாள் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். வழியில் காய்கறித் தள்ளுவண்டி. முருங்கைக்காய் இரண்டு, தக்காளி அரை கிலோ, பச்சை மிளகாய் பத்து ரூபாய்க்கு. ஒருத்தி விலை கேட்கவில்லை, பொறுக்கவில்லை, வண்டிக்காரர் போட்டதை வாங்கிப் பையில் கவிழ்த்துக்கொண்டு, மீதிச் சில்லறையை எண்ணாமல் பஸ்ஸை நோக்கி ஓடுகிறாள். எல்லாம் முடிய ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.